கத்திக்கு முன் வர வேண்டிய செய்தி

மார்பகத்தில் பால் சுரக்கும் நுண்மடல்களிலோ, அந்தப் பாலை முலைக்காம்புக்குக் கொண்டுசெல்லும் நாளங்களிலோ உள்ள செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாவது மார்பகப் புற்றுநோய். பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் உலக அளவில் முதலிடத்தில் இருப்பதும் இதுவே. 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 23 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். இத்தகைய எண்களைத் தொகுக்கும் மருத்துவப் புள்ளியியல், ஒவ்வொரு நோயாளிக்கும் ‘நோய் கண்டறியப்பட்ட நாள்’ என்று ஒரு தேதியைக் குறித்துக்கொள்கிறது. நோயாளியான பெண்ணுக்கோ அப்படி ஒரே நாளில் எதுவும் முடிந்துவிடுவதில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி, அதை வீட்டில் யாரிடம் சொல்வது என்ற தயக்கம், மருத்துவரின் கைப்பரிசோதனை, படம், ஊசி, சதைப் பரிசோதனை, முடிவுக்கான காத்திருப்பு, முடிவு சொல்லப்படும் விதம் என்று அது வாரக்கணக்கில் நீளும் ஓர் அனுபவம்.

அந்த அனுபவம் எப்படி அமையும் என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: செய்தி யாரிடம் முதலில் சேர்கிறது, அதைக் கேட்டபின் முடிவெடுக்க அப்பெண்ணுக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது. கடந்த 200 ஆண்டுகளில் இவ்விரு கேள்விகளுக்கும் மருத்துவம் அளித்த விடைகள் பெரிதும் மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்தில் ஆய்வாளர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நோயாளிகளாக இருந்த பெண்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

மயக்க மருந்துக்கு முந்தைய காலம்

மார்பகப் புற்றுக்கு ஆளான ஒரு பெண் தன் அனுபவத்தைத் தானே விரிவாக எழுதிவைத்த பழைய பதிவுகளுள் மிகவும் அறியப்பட்டது, ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னி தன் சகோதரி எஸ்தருக்கு எழுதிய கடிதம். பிரெஞ்சுக்காரரை மணந்து பாரிஸில் வாழ்ந்துவந்த பர்னிக்கு மார்பில் தோன்றிய கட்டியைப் புற்று என்று முடிவுசெய்த மருத்துவர்கள், 1811 செப்டம்பர் 30 அன்று அவரது வீட்டிலேயே அதை அகற்றினர். கத்தியைக் கையாண்டவர் நெப்போலியனின் படை மருத்துவராகப் புகழ்பெற்ற டொமினிக் ஜான் லாரே. ஈதர் என்னும் மயக்க மருந்து அறுவை அரங்குகளுக்குள் நுழைந்தது 1846இல்தான் என்பதால், பர்னிக்கு வலி குறைக்கக் கிடைத்தது சிறிதளவு மது மட்டுமே.

அக்கடிதத்தில் அறுவையின் வலிக்கு இணையாக இடம்பெறுவது, அதற்கு முந்தைய காத்திருப்பு. அறுவை நாளை முன்கூட்டியே சொன்னால் நோயாளி அச்சத்தில் தளர்ந்துவிடுவார் என்று கருதிய மருத்துவர்கள் தேதியை மறைத்துவைத்து, அன்று காலையில்தான் தகவல் அனுப்பினர். கணவர் அந்தக் காட்சியைக் காணக் கூடாது என்று எண்ணிய பர்னி, அவரை வெளியே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைத் தாமே செய்துவிட்டு, கட்டுத்துணிகளும் பஞ்சும் பரப்பிவைக்கப்பட்ட அறையில் மருத்துவர்களின் வருகைக்காகக் காத்திருந்தார். பின்னர் கறுப்புடை அணிந்த 7 ஆண்கள் உள்ளே நுழைந்ததையும், முகத்தின் மீது போடப்பட்ட மெல்லிய கைக்குட்டையின் ஊடாகத் தம்மைச் சூழ்ந்துநின்றவர்களையும் கத்தியின் பளபளப்பையும் காண முடிந்ததையும் அவர் விவரிக்கிறார். இக்கடிதத்தை எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின; எழுதியதைத் திரும்பப் படிக்கும் துணிவு தமக்கு இல்லை என்பதையும் அவர் அதிலேயே குறிப்பிட்டுள்ளார். 1840 வரை உயிர்வாழ்ந்த பர்னியின் உடல் தேறிவிட்டது. அந்த நாளின் நினைவு அவ்வளவு எளிதில் ஆறவில்லை.

ஒரே மயக்கத்தில் இரண்டு செயல்கள்

மயக்க மருந்து வலியைப் போக்கியது. ஆனால் பெண்ணின் கையிலிருந்த முடிவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், புற்று தோன்றிய இடத்திலிருந்து படிப்படியாக அக்கம்பக்கத் திசுக்களுக்குப் பரவி, அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளைக் கடந்த பின்னரே உடலின் பிற பகுதிகளை அடைகிறது என்று கருதினார். அப்படியானால் மார்பகத்தையும், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும், அக்குளின் நெறிக்கட்டிகளையும் ஒரே துண்டாக அகற்றிவிட்டால் நோயை வேரோடு களைந்துவிடலாம் என்பது அவருடைய வாதம். 1894இல் அவர் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு, ‘முழுமையான மார்பக நீக்கம்’ எனத்தக்க இம்முறை முக்கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்க அறுவை அரங்குகளில் கேள்வியின்றிக் கோலோச்சியது. விலா எலும்புகள் தோலுக்கடியில் தெரியுமளவு குழிந்த மார்பும், நிணநீர் வடிய வழியின்றி வாழ்நாள் முழுதும் வீங்கும் கையும் இதற்குப் பெண்கள் கொடுத்த விலை.

இம்முறையோடு உறைதிசுப் பரிசோதனை என்னும் நுட்பமும் இணைந்தது. சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி நோக்குவதற்கு நாட்கள் பிடிக்கும். அத்துணுக்கை உடனடியாக உறையவைத்துச் சீவினால் சில நிமிடங்களிலேயே நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். 1905இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயிஸ் வில்சன் இதைச் செம்மைப்படுத்திய பிறகு, ‘ஒரே கட்ட அறுவை’ என்னும் நடைமுறை வேரூன்றியது. மார்பில் கட்டியுள்ள பெண், பரிசோதனைக்கும் மார்பக நீக்கத்துக்கும் சேர்த்து ஒரே படிவத்தில் முன்கூட்டியே கையொப்பமிடுவார். மயக்க நிலையில் அவரது கட்டி வெட்டியெடுக்கப்பட்டு நோயியல் மருத்துவரிடம் அனுப்பப்படும். அவர் நுண்ணோக்கியில் பார்த்துப் புற்று என்று சொன்னால், அதே மயக்கத்திலேயே மார்பகமும் தசையும் நெறிக்கட்டிகளும் அகற்றப்படும்.

இதன் விளைவு, நோய் அறிதலின் வரிசையே தலைகீழானது. நோயியல் மருத்துவர் முதலில் அறிந்தார். அறுவை மருத்துவரும் செவிலியரும் அடுத்து அறிந்தனர். வெளியே காத்திருந்த கணவருக்கும் தகவல் போனது. யாருடைய உடலில் நோய் இருந்ததோ அவர் மட்டும் கடைசியாக, மயக்கம் தெளிந்து, கட்டுப்போட்ட மார்பைத் தடவிப் பார்த்தே தனக்கு வந்தது என்ன நோய் என்பதைத் தெரிந்துகொண்டார்.

பெண்களின் மறுப்பு

இந்த வரிசையை மாற்றக் கோரிய குரல்கள் 1970களில் அமெரிக்காவில் எழுந்தன. குழந்தை நட்சத்திரமாக உலகப்புகழ் பெற்று, பின்னர் அரசியலுக்கு வந்த ஷர்லி டெம்பிள் பிளாக், 1972இல் தமக்குக் கட்டி கண்டறியப்பட்டபோது, பரிசோதனை முடிவைத் தெரிந்துகொண்ட பின்னரே அடுத்த அறுவை பற்றித் தாம் முடிவெடுப்பதாகக் கூறி ஒரே கட்ட அறுவைக்கு இணங்க மறுத்தார். பின்னர் மருத்துவமனையிலிருந்தே செய்தியாளர்களைச் சந்தித்துத் தம் நோயை அறிவித்தார். ‘புற்றுநோய்’ என்ற சொல்லையே இரங்கல் செய்திகளில் தவிர்த்துவந்த அக்காலத்தில் இது துணிச்சலான செயல்.

இக்கோரிக்கையை ஓர் இயக்கமாகவே நடத்தியவர் ரோஸ் குஷ்னர் என்னும் மருத்துவ இதழாளர். 1974ஆம் ஆண்டின் கோடையில் தம் மார்பில் கட்டியைக் கண்ட அவர், பரிசோதனையை மட்டும் செய்து முடிவைத் தம்மிடம் சொல்லுமாறு கேட்டபோது, ஒருவர் பின் ஒருவராகப் பல அறுவை மருத்துவர்கள் மறுத்துவிட்டனர். நீண்ட தேடலுக்குப் பிறகே அதற்கு இணங்கும் ஒருவர் கிடைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அப்போதைய அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகக் கட்டி இருப்பது தெரிந்தவுடன், குஷ்னர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் பேசி, பரிசோதனையையும் அறுவையையும் தனித்தனியே செய்யும்படி வற்புறுத்தினார். அதிபர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்று தமக்குப் பதில் வந்ததை அவர் பின்னர் பதிவுசெய்துள்ளார். மார்பகம் மனைவியுடையது; முடிவு கணவருடையது என்பதை இயல்பாக ஏற்றுக்கொண்டிருந்த காலத்தை அந்தப் பதில் அப்படியே காட்டுகிறது. செப்டம்பர் 28 அன்று பெட்டி ஃபோர்டுக்கு ஒரே கட்ட அறுவை நடந்தது.

எனினும் பெட்டி ஃபோர்டு தம் நோயை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசியது பெரும் விளைவை உண்டாக்கியது. பெண்கள் திரளாகப் பரிசோதனைக்கு வந்ததால், அந்த ஆண்டின் மார்பகப் புற்றுநோய்ப் பதிவுகள் திடீரென உயர்ந்ததை நோய்ப்பரவலியல் வரைபடங்களில் இன்றும் காணலாம். அச்செய்தியைக் கேட்டுத் தம் மார்பைத் தாமே சோதித்துக்கொண்டவர்களுள், துணை அதிபராக முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவி ஹேப்பி ராக்ஃபெல்லரும் ஒருவர். அக்டோபரில் அவரது ஒரு மார்பகம் அகற்றப்பட்டபோது மற்றொன்றிலும் நோய் இருப்பது தெரியவந்தது. ஆனால் அவர் முதலில் உடல் தேறட்டும் என்று கருதிய கணவர், சில வாரங்கள் கழித்து இரண்டாவது அறுவைக்கான நேரம் வரும்வரை அதை அவரிடம் சொல்லவில்லை. அன்பின் பெயராலேயே செய்தி மறைக்கப்படுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

அவசரம் தேவையில்லை என்று காட்டிய ஆய்வுகள்

ஒரே கட்ட அறுவையை ஆதரித்த மருத்துவர்கள் முன்வைத்த முதன்மைக் காரணம் காலம்: கட்டியைத் தொட்ட பிறகு தாமதித்தால் புற்று பரவிவிடும் என்றனர். புற்றுக்கட்டியின் வளர்ச்சிக் கணக்கு இந்த அச்சத்துக்கு இடம்தரவில்லை. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி ஏறக்குறைய 30 முறை இரட்டித்தால்தான் சுமார் 100 கோடி செல்கள் கொண்ட, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி உருவாகும். மார்பகப் புற்றில் ஒருமுறை இரட்டிப்பதற்கே பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும் என்பதால், கையில் தட்டுப்படும் கட்டி பல ஆண்டுகளாக உடலில் இருந்திருக்கிறது. அத்தகைய நோயில், பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்ளவும் மாற்றுக் கருத்துக் கேட்கவும் எடுத்துக்கொள்ளும் ஓரிரு வாரங்கள் விளைவை மாற்றிவிடுவதில்லை. மாதக்கணக்கில் கட்டியை மறைத்துவைப்பது வேறு, முடிவெடுக்கச் சில நாட்கள் கேட்பது வேறு.

ஹால்ஸ்டெட்டின் அடிப்படைக் கருத்தையும் ஆய்வுகள் தகர்த்தன. அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரொனேசியும், பெண்களைக் குலுக்கல்முறையில் பிரித்து வெவ்வேறு அறுவைகளை ஒப்பிடும் சோதனைகளை நடத்தினர். 1976இல் ஃபிஷர் தொடங்கிய சோதனையில், கட்டியை மட்டும் அகற்றிய பெண்களும் மார்பகம் முழுவதையும் இழந்த பெண்களும் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உயிருடன் இருந்தனர். கட்டியை மட்டும் அகற்றியவர்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் புற்று மீண்டும் வந்தது. கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் இது 14 விழுக்காடாகக் குறைந்தது. மார்பகத்தைக் காக்கும் சிகிச்சை பாதுகாப்பானது என்றால், எந்தச் சிகிச்சை என்று தேர்ந்தெடுக்க நோயாளிக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. வாய்ப்பு இருந்தால், தேர்ந்தெடுக்கக் காலமும் வேண்டும்.

1979 ஜூனில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, பரிசோதனையையும் அறுவையையும் இரண்டு கட்டங்களாகப் பிரிக்குமாறு பரிந்துரைத்தது. அக்குழுவில் இடம்பெற்றிருந்த, மருத்துவர் அல்லாத ஒரே உறுப்பினர் ரோஸ் குஷ்னர்.

சொல்வதும் மறைப்பதும்

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதைப் பற்றிய மருத்துவர்களின் எண்ணம் ஒரே தலைமுறையில் தலைகீழாக மாறியதை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 1961இல் அமெரிக்காவில் டொனால்டு ஓக்கன் நடத்திய ஆய்வில், மருத்துவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றனர். அதே வினாத்தாளைக் கொண்டு நடத்தப்பட்டு 1979இல் வெளியான மற்றொரு ஆய்வில், 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்புவதாகத் தெரிவித்தனர்.

அடுத்து எழுந்தது, எப்படிச் சொல்வது என்ற கேள்வி. கடும் செய்தியைக் கேட்ட கணத்தில் மனித மனம் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுவதால், அதன்பின் மருத்துவர் விளக்கும் சிகிச்சைமுறை, தேதி, செலவு ஆகியவற்றில் பெரும்பகுதி நினைவில் பதிவதில்லை; மருத்துவர் தரும் தகவல்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனே மறந்துபோவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இதனால்தான் 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு இன்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் ஆறு படி முறை, தனிமையான இடத்தை அமைத்துக்கொள்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே வினவுவது, எளிய சொற்களில் சிறிது சிறிதாகச் சொல்வது, அவரது உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து செய்ய வேண்டியதைத் தொகுத்துரைப்பது என்ற வரிசையை வகுத்திருக்கிறது.

இந்தியாவில் இந்த வரிசைக்கு முன்னால் குடும்பம் நிற்கிறது. அறிக்கை உறை பல நேரங்களில் மகனின் கையிலோ கணவரின் கையிலோ கொடுக்கப்படுகிறது. ‘அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்’ என்ற வேண்டுகோள் புற்றுநோய் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. மகளின் திருமணம் தடைபடுமோ, நோய் தொற்றிவிடும் என்று அக்கம்பக்கத்தார் ஒதுக்குவார்களோ என்ற அச்சங்களும் இந்த மறைப்புக்குக் காரணமாகின்றன. புற்றுநோய் தொற்றுநோயன்று; மார்பகப் புற்றில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றங்களால் உண்டாகிறது. அத்தகைய மரபணு மாற்றமுள்ள குடும்பங்களிலும் செய்தியை மறைப்பதால் மகளுக்கு நன்மையில்லை. தாயின் நோயை அறிந்த மகள்தான் வழக்கமான வயதுக்கு முன்பே தன்னைச் சோதித்துக்கொள்ள முடியும். சொல்லாமல் விடப்பட்ட பெண்ணும் அறியாமல் இருப்பதில்லை: மருத்துவமனையின் பெயர்ப்பலகையும், கீமோ அறையில் பக்கத்துப் படுக்கையில் முடி கொட்டிய பெண்ணும் உண்மையைச் சொல்லிவிடுகின்றனர். அதன்பின் வீட்டார் மறைக்க, அவர் அறியாததுபோல் இருக்க, தன் அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளின்றி அவர் தனித்துவிடப்படுகிறார்.

அறிக்கையின் சொற்கள்

இன்று மார்பகக் கட்டி மூன்று வழிகளில் ஆராயப்படுகிறது: மருத்துவரின் கைப்பரிசோதனை, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்டு படம், ஊசிமூலம் எடுக்கும் திசுப் பரிசோதனை. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, சற்றுத் தடித்த ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, நூலிழை போன்ற சில சதைத் துணுக்குகள் எடுக்கப்படுகின்றன. இதற்கு முழு மயக்கம் தேவையில்லை என்பதால், ஒரே கட்ட அறுவைக்கான காரணமும் மறைந்துவிட்டது. கட்டிகளில் பெரும்பாலானவை, குறிப்பாக இளம்பெண்களிடம் காணப்படுபவை, புற்று அல்லாத சாதாரணக் கட்டிகளே.

புற்று என்று உறுதியானால் செய்தி ஒரே தவணையில் வந்து முடிவதில்லை. முதல் அறிக்கை புற்றின் வகையையும் தரத்தையும் சொல்கிறது. சில நாட்கள் கழித்து வரும் இரண்டாவது அறிக்கை, புற்றுச் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களுக்கான ஏற்பிகளும் ஹெர்2 என்னும் புரதமும் உள்ளனவா என்று தெரிவிக்கிறது. ஹெர்2 புரதத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் தரப்படும். 2 என்று வந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று பொருள், எனவே மரபணு அளவிலான இன்னொரு சோதனைக்கும் காத்திருக்க வேண்டும். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியதா என்று அறியும் ஸ்கேன் அதற்கும் அப்பால். இந்த இடைவெளியில் பெண்களையும் குடும்பத்தாரையும் தேவையின்றிக் கலங்கவைப்பது ‘கிரேடு 3’ என்ற சொல். கிரேடு என்பது நுண்ணோக்கியில் புற்றுச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறுபட்டுத் தெரிகின்றன என்பதைக் குறிக்கும் தர அளவு; அதில் 3 என்பது உச்சம். ‘ஸ்டேஜ்’ என்பது நோய் உடலில் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் குறிக்கும் நிலை. அதற்கு 4 நிலைகள் உண்டு. கிரேடு 3 கொண்ட கட்டி முதல் நிலையிலேயே கண்டறியப்படுவதும் உண்டு. இவ்விரண்டின் வேறுபாட்டை யாரேனும் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால், பல வீடுகளில் உறக்கமற்ற இரவுகள் குறைந்திருக்கும்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் பெண்கள் தமக்குள் விடை தேடும் கேள்வி, ‘எனக்கு ஏன் வந்தது’ என்பது. மார்பில் பட்ட அடி, இறுக்கமான உள்ளாடை, கண்ணேறு, செய்த பாவம் என்று அவர்கள் தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். இவற்றுள் எதுவும் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. தாமும் மார்பகப் புற்றுக்கு ஆளான அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், நோயாளியின் குணமே நோய்க்குக் காரணம் என்னும் நம்பிக்கையை 1978இல் தம் நூலில் கடுமையாக மறுத்தார். மன உளைச்சலும் புறக்கணிக்கத்தக்கதன்று: லண்டனில் தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், கண்டறியப்பட்ட முதல் ஆண்டில் ஏறத்தாழப் பாதிப் பேர் மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ ஆளாயினர், ஐந்தாம் ஆண்டில் அது 15 விழுக்காடாகக் குறைந்தது. முதல் ஆண்டில் மனநல உதவி தேவைப்படுவது பலவீனத்தின் அடையாளம் இல்லை. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

காலத்தின் இரு முனைகள்

இந்தியாவில் மார்பகப் புற்றுக்கு ஆளாகும் பெண்களின் சராசரி வயது மேலை நாடுகளைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் குறைவு. பெரும்பகுதியினர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகின்றனர். தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதும், வலிக்காத கட்டி ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும், ஆண் மருத்துவரிடம் மார்பைக் காட்டக் கூச்சமும், தன் உடலைக் கடைசியாகக் கவனிக்கும் பழக்கமும் இதற்குக் காரணங்கள். முன்கூட்டியே கண்டறிய விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை என்பதை மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை காட்டியது: குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிபெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்த கைப்பரிசோதனையால் நோய் முற்றாத நிலையில் கண்டறியப்பட்டது, 50 வயதைக் கடந்த பெண்களிடையே இறப்பு கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, பெண் முதன்முதலில் மருத்துவரை நாடிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று வரையறுத்துள்ளது. இந்த 60 நாட்கள் மருத்துவ அமைப்புக்கான கெடு. பெண்ணின் பங்கு அதற்கு முன்பே தொடங்குகிறது: வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மார்பிலோ அக்குளிலோ புதிய கட்டி தட்டுப்பட்டால், முலைக்காம்பு உள்வாங்கினால், அதில் இரத்தம் கசிந்தால், தோல் குழிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவரின் பங்கு, அறிக்கை வந்ததும் அவரையே அமரவைத்து, அவர் விரும்பும் துணையுடன், அவருக்குப் புரியும் மொழியில் அதை விளக்கி, முடிவெடுக்க நாட்கள் தருவது. குடும்பத்தின் பங்கு அவருக்குப் பக்கத்தில் இருப்பது. அவருக்குப் பதிலாகத் தெரிந்துகொள்வதும் முடிவெடுப்பதும் அதில் சேராது.